முதலில் இரண்டு ரக்அத்

புந்தோங் சந்துகளில் மோட்டார் ஓட்டும்போது ஜைனப்பின் இடது கை ஹாரனின் ரப்பர் பந்தை அமுக்கிக்கொண்டே இருக்கும். உதடுகள் நபியை வாழ்த்தும் ஸலவாத்து ஓதிக்கொண்டிருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் யாரையோ திட்டிக்கொண்டு வருவது போலத் தோன்றும். “காலையிலயே யாரோட அக்கா சண்டை?” என்பார்கள். “சைத்தானோடலா. நீ பசியாறியாச்சா?” என்றபடி பின்பெட்டியைத் திறப்பாள். ஆவி பறக்கும் இடியாப்பம், ஓரத்தில் தேங்காய்ப்பூ, பழுப்புச் சர்க்கரை. சர்க்கரை கூடக் கேட்டால் அள்ளித் தருவாள். தேங்காய்ப்பூ கூடக் கேட்டால் முறைப்பாள். துருவுகிறவள் அவள்தானே.

ஐம்பதைத் தாண்டிய குள்ளமான பெண்மணி. எந்தத் தொல்லை வந்தாலும் முதலில் முகம் கை கால் கழுவி ஒலு, பிறகு இரண்டு ரக்அத் தொழுகை, அப்புறம்தான் மற்றது. போன மழையில் சமையலறைக் கூரைத் தகரம் பிய்த்துக்கொண்டு போய்விட்டது. பக்கத்து வீட்டுக் காளியம்மா வாளியோடு ஓடி வந்து பார்த்தால், ஜைனப் நனையாத மூலையில் முஸல்லாவை விரித்துத் தொழுதுகொண்டிருக்கிறாள். காளியம்மாவுக்கு ஆத்திரம் பொறுக்கவில்லை. “அல்லாவே எறங்கி வந்து தகரத்தை அடிப்பாராக்கா?”

ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்துவிட்டு ஜைனப் சொன்னாள்: “அடிக்கப் போறது நாந்தான். நடுங்குற கையோட ஏணியில ஏறச் சொல்றியா?” ஏறினாள், அடித்தாள். ஏணியைப் பிடித்துக்கொண்டது காளியம்மா.

அந்த மோட்டாரில் முதலில் இடியாப்பம் விற்றவர் அவளுடைய கணவர் முகம்மது கௌஸ். சில வருடங்களுக்கு முன்பு அவருக்குப் பேச்சு குறைந்தது, பிறகு தூக்கம். எதிர்வீட்டுக்காரர்கள் தன்னைப் பற்றியே பேசுவதாகச் சொன்னார். ரேடியோவைத் துணி போட்டு மூடினார். “ஒட்டுக் கேக்குறானுங்க, ஜைனப்பு.” சோறு வைத்தால், அவள் ஒரு வாய் சாப்பிட்டுக் காட்டிய பிறகுதான் தொடுவார். யாரோ செய்வினை வைத்திருக்கிறார்கள் என்று கௌஸின் அக்கா அடித்துச் சொன்னாள். தெலுக் இந்தானில் ஓதிப் பார்ப்பவர் ஒருவரிடம் கூட்டிப்போகச் சொன்னாள். ஜைனப் கூட்டிப்போனாள். ஓதிய தண்ணீரைக் குடித்துவிட்டு வந்த பிறகும் ரேடியோ மேல் போட்ட துணி விலகவில்லை.

ஒரு மதியம் ஆளையே காணவில்லை. மோட்டார் வாசலில் நிற்கிறது, மனிதர் இல்லை. தெருவே திரண்டது. காளியம்மாவின் கணவர் ஜெயபாலன் ரயில் நிலையத்துக்கு ஓடினார். ஜைனப் உள்ளே போய், தலையிலிருந்து இடுப்பு வரை மூடும் வெள்ளைத் தெலக்கோங்கை மாட்டிக்கொண்டு தொழுகைக்கு நின்றாள். “ஆளைக் காணோம், இவ பாய விரிக்கிறா பாரு” என்று வாசலில் யாரோ சொன்னது அவள் காதில் விழத்தான் செய்தது. ஸஜ்தாவில் நெற்றி தரையைத் தொட்டபோது, மாதக்கணக்காக அடைத்துக்கொண்டிருந்த அழுகை உடைந்தது. தொழுது முடித்துக் கைகளை ஏந்தினாள். “ரப்பே, அவங்களக் கண்ணுல காட்டு.”

எழுந்தபோது அழுகை நின்றிருந்தது, யோசிக்க முடிந்தது. கௌஸின் வாப்பா சுங்கை சிப்புட் போகும் வழியில் ஒரு ரப்பர் தோட்டத்தில் மளிகைக்கடை வைத்திருந்தவர். அவரிடம் அடி வாங்கினால் கடைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வேன் என்று கௌஸ் எப்போதோ சொல்லிச் சிரித்திருந்தார்.

பாசார் வரைக்கும்தான் அதுவரை அவள் மோட்டார் ஓட்டியிருக்கிறாள். அன்றைக்குத் தெலக்கோங்கைக் கழற்றவும் மறந்து உதைத்துக் கிளப்பினாள். “வெள்ளையா என்னமோ பறந்து போச்சு, பேயின்னு நெனச்சேன்லா” என்று காளியம்மா இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள்.

பால்மரங்களை வெட்டிச் செம்பனை நட்டுவிட்ட தோட்டம். கடை இருந்த இடத்தில் சிமெண்டுத் தரை மட்டும் மிச்சம். அதன்மேல் முழங்காலைக் கட்டிக்கொண்டு கௌஸ் உட்கார்ந்திருந்தார்.

“வராதே! ஒம் பின்னாலயும் வாரானுங்க.”

யாரும் இல்லை என்று அவள் வாதாடவில்லை. திரும்பிப் பார்க்கவும் இல்லை. “அஸர் தொழுகைக்கு நேரமாச்சு மச்சான். முன்னால நின்னு தொழ வைங்க” என்று தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள்.

கௌஸ் அவளையும் போத்தலையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஒலு செய்தார். அத்தனை நாளாக நடுங்கிய குரல் ‘அல்லாஹு அக்பர்’ என்று தக்பீர் சொல்லும்போது நடுங்கவில்லை. தொழுது முடித்தும் வெகுநேரம் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான் சரியா இல்ல, ஜைனப்பு.”

“தெரியும் மச்சான். தஞ்சோங் ரம்புத்தானுக்குப் போலாம்.”

“அந்தப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கா? சனங்க என்ன சொல்லும்?”

“சனங்கள நான் பாத்துக்கிறேன். நீங்க டாக்டரப் பாருங்க.”

வீட்டுக்குத் திரும்பாமல் நேரே அங்கே ஓட்டினாள். கௌஸின் அக்கா ஆடித் தீர்த்துவிட்டாள். “தொழுகையாளின்னு பேரு! அல்லா மேல நம்பிக்கை இல்லாமத்தானே அங்க கொண்டுபோயி விட்டே?” ஜைனப் குரலை உயர்த்தவில்லை. “தொழுததுனாலதான் மதினி, கொண்டுபோற தைரியமே வந்துச்சு.”

கௌஸ் திரும்பி வந்துவிட்டார். குரல்கள் அடியோடு ஓய்ந்துவிடவில்லை. அடுத்த தெருவுக்குக் குடிபோய்விட்டன என்று அவரே சொல்கிறார். ரேடியோ பாடுகிறது. விடியலில் மாவு பிசைந்து இடியாப்பம் பிழிவது அவர்; ஹாரன் அடித்து விற்பது ஜைனப். “அண்ணே எப்படி இருக்காங்க?” என்று தாழ்ந்த குரலில் கேட்பவர்களுக்கு, தெருவே கேட்கும்படி பதில் வரும்: “மருந்து சாப்புடுறாங்க, மாவு பிசையிறாங்க, என்னோட சண்டையும் போடுறாங்க. ஒங்க வீட்டுல எப்படி?”

விற்று முடித்து அவள் வந்ததும் இருவரும் மதியத்து லுஹர் தொழுவார்கள்; நின்று குனிந்து பணியும் ரக்அத் நான்கு. அவர் முன்னால், அவள் பின்னால். மருந்தின் அசதியில் கௌஸுக்குச் சில நாள் கணக்குத் தவறும். நேற்று மூன்றாவது ரக்அத்திலேயே, தொழுகை முடிந்தது போல உட்கார்ந்துவிட்டார். பின்னால் நின்று தொழும் பெண் வாய்விட்டுத் திருத்துவது வழக்கமில்லை. ஜைனப் வலது உள்ளங்கையால் இடது புறங்கையில் மெல்லத் தட்டினாள். கௌஸ் தரையில் கையூன்றி எழுந்து நின்றார்.