பெரியப்பாவின் வார்த்தைகள் இருந்த ஃபைல்

பெரியப்பாவை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அவருடைய இடது கட்டைவிரல்தான். கீபோர்டின் ஸ்பேஸ் பாரில் அது மெதுவாக இறங்கும். திரையில் அடுத்த வார்த்தை வந்துவிட்டதா என்று பார்த்த பிறகே எழும். ஆரணியில் பட்டு வியாபாரம் செய்தவர். அவர் கடையில் உட்கார்ந்து பேரம் பேசினால் எதிர்க்கடைக்காரர் தன்னிடம் வாங்க வந்த பார்ட்டியிடம் பேச முடியாது, அப்பேர்ப்பட்ட குரல். அந்த மனிதருக்கு ஒருநாள் காலையில் வலது கையும் காலும் விழுந்துவிட்டன, கூடவே பேச்சும் போயிற்று. நாங்கள் சொல்வது புரிந்தது. படிக்க முடிந்தது. எழுதத்தான் முடியவில்லை. இடது கையில் சிலேட்டைக் கொடுத்தால் வெறும் கிறுக்கலாக வந்தது, அதைப் பார்த்து அவரே சிலேட்டைத் தள்ளிவிட்டார்.

நான் அப்போது சென்னையில் கம்ப்யூட்டர் கேம் செய்யும் ஒரு கம்பெனியில் இருந்தேன். அங்கே லுவா என்ற சின்ன மொழியில் ப்ரோகிராம் எழுதுவோம். லுவாவில் தனியாக இருக்கும் ஒரு ஃபைலைத் திறந்து, அதிலுள்ளதை வரிவரியாகப் படித்துத் திரையில் காட்டுவது பெரிய வித்தை ஒன்றும் இல்லை, நாலைந்து வரி வேலை. பெரியப்பாவுக்காக அப்படி ஒன்று எழுதினேன். ஸ்பேஸ் பாரைத் தட்டினால் ஒரு வார்த்தை பெரிய எழுத்தில் வரும், மறுபடி தட்டினால் அடுத்தது. தனக்கு வேண்டிய வார்த்தையில் அவர் நிறுத்திவிட வேண்டும். வார்த்தைகளை ப்ரோகிராமுக்குள் வைக்காமல் வேறு ஃபைலில் வைத்ததற்குக் காரணம் இருந்தது. நான் ஞாயிற்றுக்கிழமைதான் ஊருக்கு வருவேன். வீட்டில் இருப்பவர்கள் நோட்பேடில் திறந்து தேவையானதைச் சேர்த்துக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

சேர்த்தார்கள். அண்ணி தண்ணீர், காபி, வலி, ஃபேன் என்று ஆரம்பித்தார். அண்ணன், அதாவது பெரியப்பாவின் மகன், பாவு நூல், ஜரிகை, பார்ட்டிகளின் பெயர்கள் என்று கடையையே கொண்டுவந்து கொட்டினார். ஏதாவது வேண்டுதல் பாக்கியிருக்கும் என்று பெரியம்மா படவேட்டு அம்மனைப் போடச் சொன்னார். பெரியப்பா காபியில் நிறுத்துவார், வலியில் நிறுத்துவார். காபி வந்து, தைலம் தடவி, எல்லாம் ஆன பிறகும் தட்டிக்கொண்டே போவார். கடைசி வார்த்தை முடிந்து மறுபடி தண்ணீர் வந்ததும் விரலை எடுத்துவிட்டு எங்கள் முகத்தைப் பார்ப்பார்.

“இன்னா வேணும்னே தெரியல. அழுத்திகினே இருக்காரு, எதுலயும் நிக்க மாட்டேன்றாரு. ஒரே பேஜாரா இருக்கு,” என்று அண்ணன் அலுத்துக்கொண்டார். கடையைப் பற்றிய கவலையாகத்தான் இருக்கும் என்று இன்னும் நாலு பார்ட்டிகளின் பெயரைச் சேர்த்தார்.

அந்த வீட்டில் அண்ணனுக்கு மூத்தவளாக ஓர் அக்கா உண்டு. செய்யாறில் ஃபேக்டரி வேலை பார்த்த கிறிஸ்தவப் பையனைக் கட்டிக்கொண்டு போனவள். போன அன்றே வீட்டில் எல்லோரும் தலைமுழுகினார்கள், செத்தவர்களுக்குச் செய்வதுபோல. முதல் சொம்புத் தண்ணீரை ஊற்றிக்கொண்டவர் பெரியப்பாதான். அதன் பிறகு அங்கே யாரும் அவள் பெயரைச் சொன்னதில்லை. எத்தனை பிள்ளைகள் என்று யாராவது கேட்டால், ஒரே பையன் என்பார் பெரியம்மா. ஊரில் உள்ள பார்ட்டியெல்லாம் இருந்த அந்த ஃபைலில் அவள் மட்டும் இல்லை. எனக்கே அது வெகு தாமதமாகத்தான் உறைத்தது.

ஒரு ஞாயிறு, யாரிடமும் கேட்காமல் கடைசி வரியில் அவள் பெயரை அடித்தேன். பெரியப்பா வழக்கம்போல எல்லாவற்றையும் தாண்டி வந்தார். பெயர் வந்தது. விரல் எழுந்தது, மறுபடி இறங்கவில்லை. மதியம் அண்ணன் சாப்பிட வந்தபோதும் திரையில் அந்தப் பெயர்தான் இருந்தது. அண்ணன் படித்தார், கை கழுவப் போனார். பெரியம்மா சோறு போட்டார். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

அடுத்த ஞாயிறு வந்து பார்த்தால் ஃபைலில் அந்த வரி இல்லை. யாரும் அழிக்க முடியாதபடி பெயரை ப்ரோகிராமுக்குள்ளேயே எழுதிவிட எனக்குத் தெரியாமலில்லை. எழுதினால் அண்ணன் கம்ப்யூட்டரையே கழற்றி மூட்டை கட்டிவிடுவார். பிறகு வலிக்கிறது என்று சொல்லக்கூடப் பெரியப்பாவுக்கு வழியிருக்காது. அது அவர்கள் வீடு, நான் தம்பி மகள். பெரியப்பா கடைசிவரை தட்டினார். தண்ணீர் வந்தது. திரும்பி என்னை மட்டும் பார்த்தார். எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது, இரண்டாலும் ஒரு பிரயோஜனமும் இல்லை. அதற்குப் பிறகு வந்த ஞாயிறுகளிலும் என்னைக் கண்டதும் அவர் கீபோர்டைத்தான் இழுத்து வைத்துக்கொள்வார்.

அவர் இறந்தபோது அக்காவுக்குச் சொல்லி அனுப்பவில்லை. காரியமெல்லாம் முடிந்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்ததாம். இப்போது பேச்சு இல்லாதவர்களுக்காகப் போனிலேயே என்னென்னவோ வந்துவிட்டது, என் ப்ரோகிராம் அதற்கு முன்னால் குழந்தை விளையாட்டு. போன மாதம் செய்யாறு பஸ் ஸ்டாண்டில் அக்காவைப் பார்த்தேன். தலை நரைத்திருந்தது. குசலம் விசாரித்த பிறகு கேட்டாள்.

“அப்பாவுக்கு நீதான் எழுத்து வரவச்சி காட்டிகினு இருந்தியாமே. அதுல எம்பேரு இருந்துச்சா?”

“இருந்துச்சுக்கா. அதுல வந்து நின்னுட்டாரு. அதுக்கு மேல தட்டவேயில்ல.”

“அப்புறமும் இருந்துச்சா?”

“இல்லக்கா. யாரோ எடுத்துட்டாங்க.”

“எடுக்கச் சொன்னது அம்மாவா?”

“தெரியலக்கா,” என்றேன். உண்மையாகவே எனக்குத் தெரியாது. அம்மாதான் என்று நான் சொல்லிவிட்டதுபோல அவள் மெதுவாகத் தலையாட்டிக்கொண்டாள்.