அக்கா வீட்டு வேலை

பதினெட்டுப் பெண்களின் மனுவை நான்தான் கெடுத்தேன். அப்போது ஏழாம் வகுப்பு. கையெழுத்து அழகாக இருக்கிறது என்று சொல்லிச் சொல்லியே அந்த வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

தங்கச்சிமடத்திலிருந்து ராமேஸ்வரத்துக்கு வீட்டு வேலைக்குப் போகிற பெண்களை ஒன்றுசேர்க்க என் சித்தி அலைந்துகொண்டிருந்தாள். சித்தியும் வீட்டு வேலை பார்க்கிறவள்தான். கூட்டம் போட ஒருத்திக்கும் நேரம் கிடையாது. அதனால் காலை ஆறு மணி டவுன் பஸ்ஸிலேயே கூட்டம். கம்பியைப் பிடித்துக்கொண்டு வார லீவு, மரியாதை, அரசாங்கத் தொழிலாளர் நலவாரிய அட்டை என்று சித்தி கத்துவாள். பாதிப் பேர் தூங்குவார்கள். மீதிப் பேர் நேற்று வலையில் விழுந்த மீன்பாட்டைப் பேசுவார்கள். எங்கள் தெருக்காரனான கண்டக்டர், "கட்சி ஆரம்பிச்சாச்சா? டிக்கெட்ட எடுத்துட்டு ஆரம்பி" என்பான்.

"ஏலே, ஒம் பொண்டாட்டியும் நாலு வீட்டுல பாத்திரம் தேய்க்கிறவதான. அவளுக்கும் சேத்துதான் கத்துறேன்" என்பாள் சித்தி.

அம்மாவும் தூங்குகிற கூட்டம். ஒரு லாட்ஜ்காரர் வீட்டில் ஒன்பது வருடமாக வேலை. அந்த வருடம் குளியலறையை ஆசிட் ஊற்றித் தேய்த்தபோது அவள் வலது உள்ளங்கை வெந்துபோனது. லாட்ஜ்காரரின் மனைவி களிம்பு கொடுத்தார். மறுநாள் இடது கையால் பெருக்கச் சொன்னார். அதன் பிறகுதான் அம்மா பஸ்ஸில் விழித்திருக்க ஆரம்பித்தாள். சித்தி அவளிடம் சொன்னது இவ்வளவுதான்: "நாளைக்கு கையே போச்சுன்னா நீ அங்கன வேலையே பாக்கலம்பாக. அட்டை இருந்தா அப்படிச் சொல்ல முடியாது."

வாரிய அட்டைக்கான மனுத்தாள்கள் வந்தன. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயிலுக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதினேன். 'வேலை அளிப்பவர் பெயர்' என்று ஒரு கட்டம் இருந்தது. ஒருத்திக்கும் தெரியவில்லை. வருடக்கணக்கில் உள்பாவாடை வரைக்கும் துவைத்துப் போட்டிருக்கிறார்கள், பெயர் தெரியவில்லை. கேட்டால், "அக்கான்னுதான் கூப்பிடுவேன், பேரச் சொல்லியா கூப்பிட முடியும்?" என்று என்னையே முறைத்தார்கள். எனக்கு எரிச்சல். பசி வேறு. டீச்சர் அக்கா, மாடி வீட்டு அக்கா, பேங்க் அக்கா என்று சொன்னபடியே எழுதினேன். அம்மாவுக்கு வெறும் 'அக்கா'. லாட்ஜ்காரரின் மனைவியான அந்த அக்கா அம்மாவைவிட வயதில் சின்னவர்.

அட்டைக்காக வாரியம் போட்ட முகாமில் மனு வாங்கியவர் நாலைந்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "சொந்த அக்கா வீட்டுல ஒத்தாசை பண்றதுக்கெல்லாம் அட்டை கெடையாதும்மா" என்றார். சித்தி விளக்கிச் சொன்னாள். அப்படியானால் வேலை கொடுக்கிறவர்களின் பெயரும் கையெழுத்தும் வாங்கி வாருங்கள், அடுத்த வெள்ளிக்கிழமையோடு முகாம் முடிகிறது என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. அதுதான் இன்னும் வயிற்றெரிச்சல். சித்தி பதினெட்டையும் வாங்கிக்கொண்டு, "ஒண்ணுந் தெரியாத பிள்ளகிட்ட குடுத்தேன் பாரு" என்று தன் தலையில் அடித்துக்கொண்டாள்.

சனிக்கிழமை அம்மாவோடு நானும் போனேன். அம்மா பாத்திரம் எல்லாம் கழுவி, தரை துடைத்து, கடைசியில் மேலே போட்டிருந்த நைட்டியைக் கழற்றி மாட்டிவிட்டு, புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "அக்கா, ஒங்க பேரு என்னக்கா?"

அந்த அக்காவுக்கு முகம் சுருங்கிவிட்டது. விஷயத்தைக் கேட்டதும் இன்னும் சுருங்கியது. "நீ என்ன வேலைக்காரியா? இந்த வீட்டுப் பொண்ணு. சொந்தத் தங்கச்சி மாதிரி வச்சிருக்கேன். அதுக்குப் போய் கையெழுத்துக் கேக்குறியே, எனக்குக் கஷ்டமா இருக்கு" என்றார். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். விட்டால் மன்னிப்பே கேட்டிருப்பாள்.

இவர்கள் பேசி முடிக்கிற மாதிரித் தெரியவில்லை. நான் மனுவில் விட்டுப்போன கட்டங்களை நிரப்பினேன். செல்போன் எண் கேட்டிருந்தது. அம்மாவுக்குத் தன் எண் மனப்பாடம் இல்லை. "எங்கிட்ட இருக்கு, பாத்து எழுதிக்கோ தங்கம்" என்று அந்த அக்கா தன் போனைப் பிரியமாகத்தான் நீட்டினார்.

அம்மாவின் பெயரில் தேடினேன். இல்லை. காலையில் பால் பாக்கெட் வாங்கி வரச் சொல்லி அவர் அம்மாவைப் போனில் கூப்பிட்டது ஞாபகம் வந்தது. அந்த நேரத்தில் போன அழைப்பு இருந்தது. பெயர் இங்கிலீஷ் எழுத்தில் இருந்தது. எனக்குப் படிக்கத் தெரியும் என்று காட்ட வேண்டுமே. எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தேன்.

"வே-லைக்-கா-ரி."

நான் அந்த அக்காவைப் பார்த்து, "இதுதான அம்மா நம்பரு?" என்று வேறு கேட்டேன்.

அவர் போனைப் பிடுங்கவில்லை. என் கையிலிருந்த பேனாவைத்தான் வாங்கினார். 'அக்கா' என்றிருந்ததை அடித்துவிட்டு முழுப் பெயரையும் எழுதினார். கையெழுத்துப் போட்டார். "போயிட்டு வாங்க" என்றார். தங்கம் என்று சொல்லவில்லை.

எனக்குத் தலைகால் புரியவில்லை. சித்தி பஸ்ஸில் தொண்டை கிழியக் கத்தியும் கிடைக்காததை நான் ஒரு வார்த்தை படித்து வாங்கிவிட்டேன்.

அம்மாவுக்கு அட்டை கிடைத்தது. இப்போது நானும் இந்தப் பெண்களுக்கு மனு எழுதுகிறேன். 'எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி' என்று எவராவது ஆரம்பித்தால், பேனாவை நீட்டி, அப்படியென்றால் கையெழுத்துப் போடுங்கள் என்கிறேன். அநேகம் பேர் போடுவதில்லை.

அன்றைக்குப் புறப்படும்போது அம்மா புழக்கடைக்குப் போனாள். கதவுக்குப் பின்னால் ஆணியில் அவளுடைய பழைய நைட்டி தொங்கும். ஒன்பது வருடமாக வேலை நேரத்தில் புடவைக்கு மேல் மாட்டிக்கொண்டு, போகும்போது அங்கேயே விட்டுவிட்டு வருவது. அதை எடுத்து உதறி, சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

"தொவைக்கவாம்மா?" என்று கேட்டேன்.

"ஆமா" என்றாள்.

பஸ்ஸில் அந்தக் கையெழுத்தை இரண்டு தடவை அவளுக்குக் காட்டினேன். அவள் அதைப் பார்க்காமல் நைட்டியையே மடித்துக்கொண்டு வந்தாள். திங்கட்கிழமை ஆறு மணி பஸ்ஸுக்கு அவள் கிளம்பாதபோதும், துணி இன்னும் காயவில்லை போலிருக்கிறது என்றுதான் நினைத்தேன்.