கிளிப் போடத் தெரிந்த ஒரே ஆள்

மலம் கறுப்பாகப் போனால் உடனே டாக்டரிடம் ஓடுங்கள் என்று இருபத்திரண்டு வருடமாக ஊருக்கெல்லாம் சொன்னவன் நான். எனக்குக் கறுப்பாகப் போன அன்று டாக்டரிடம் ஓடவில்லை. அலமாரிக்கு ஓடி, வீட்டுக்காரியின் அயர்ன் மாத்திரை ஒன்றை எடுத்து விழுங்கினேன்.

அயர்ன் மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுக்கும். ஆகவே இனிமேல் போகும் கறுப்புக்கு ஒரு கௌரவமான காரணம் கிடைத்துவிடும் அல்லவா? ஏற்கெனவே போன கறுப்புக்கு அப்புறம் விழுங்கிய மாத்திரை எப்படிக் காரணமாகும் என்று நீங்கள் கேட்கலாம். நான் கேட்டுக்கொள்ளவில்லை. நான்கு நாள், நான்கு மாத்திரை.

நான் தர்மபுரியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எண்டோஸ்கோபி டெக்னீஷியன். வாய் வழியாகக் கேமரா குழாய் விட்டு வயிற்றைப் பார்ப்பது டாக்டர். நோயாளியின் தலையைப் பிடிப்பது, குழாயைக் கழுவுவது, பொய் சொல்வது மூன்றும் என் பொறுப்பு. "ரெண்டே நிமிஷம்ங்க, ஒண்ணுமே தெரியாது" என்பது முக்கியமான பொய். ரத்தப்போக்கு சந்தேகம் என்றால் கூடவே ஒரு கேள்வியும் கேட்பேன். "கறுப்புன்னா எப்பிடிங்க? சும்மா மாத்திரைக் கறுப்பா, இல்ல ரோட்டுக்கு ஊத்தற தாரு மாதிரியா?" தார் மாதிரி ஒட்டினால், நாறினால், உள்ளே ரத்தம் கசிகிறது என்று அர்த்தம். என்னுடையதை வைத்து அதியமான்கோட்டை பைபாஸில் அரை கிலோமீட்டர் போட்டிருக்கலாம்.

இப்போது என் ரகசியத்தைச் சொல்ல வேண்டும்.

வயிற்றுக்குள் ரத்தக்குழாய் பீச்சினால் அதை ஒரு சின்ன உலோகக் கிளிப் போட்டு நெரிப்பார்கள். டாக்டர் குறி பார்த்துப் பிடித்திருப்பார். வெளியே இருக்கும் கைப்பிடியை இயக்கிக் கிளிப்பைத் திறந்து மூடுவது உதவியாளர். எங்கள் ஆஸ்பத்திரியில் அது நான் மட்டும். சேலத்தில் ஒரு சீனியரிடம் மூன்று நாள் கெஞ்சி, அவருக்கு பரோட்டா வாங்கிக் கொடுத்துக் கற்றது. நான் லீவில் இருக்கும்போது அப்படி ஒரு கேஸ் வந்தால் சேலத்துக்கு அனுப்பிவிடுவார்கள். காரிமங்கலத்தில் மச்சினன் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து அந்தச் செய்தியை போனில் கேட்டு, பெருமையில் இன்னொரு வடை கேட்டு வாங்கிச் சாப்பிட்டவன் நான்.

அறையில் எனக்கு உதவி கோகிலா சிஸ்டர். வந்து நான்கு வருடம். கெட்டிக்காரப் பெண். கிளிப் பாக்கெட்டை நான் கையில் எடுக்கும்போதெல்லாம், "கோகிலா, ஸ்டோருக்குப் போயி பத்து சிசி சிரிஞ்சு எடுத்துக்கிட்டு வாம்மா" என்பேன். அவள் திரும்பி வரும்போது வேலை முடிந்திருக்கும். டாக்டர் ஒருமுறை, "அந்தப் பொண்ணுக்கும் கத்துக்குடுப்பா" என்றார்.

"அது கைவாகு சார். சொல்லிக்குடுத்து வராது" என்றேன்.

ஐந்தாம் நாள் காலை, பாப்பிரெட்டிப்பட்டிப் பெரியவர் ஒருவர் டேபிளில் இடப்பக்கமாகப் படுத்திருந்தார். தொண்டை மரக்க ஸ்ப்ரே அடித்து, வாயில் மௌத்பீஸ் கடிக்கக் கொடுத்து, தலையைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தேன். "பயப்படாதீங்க. கல்யாண வூட்டுப் பாயசம் முழுங்கற மாதிரி ஒரே முழுங்கு. ரெண்டே நிமி..."

அறை சுற்றியது. பெரியவருக்காக வைத்திருந்த டிரேயில் நான் ரத்தமாக வாந்தி எடுத்தேன். கீழே விழும்போது அவர் கத்தியது காதில் விழுந்தது. "தலையப் புடிச்ச ஆளுக்கே இப்பிடி ஆவுதே! எனக்கு வேணாங்க சாமி!" மௌத்பீஸைத் துப்பிவிட்டு, வேட்டியை இறுக்கிக்கொண்டு, மரத்த தொண்டையோடு பஸ் ஸ்டாண்டுக்கே போய்விட்டாராம்.

எனக்கு சலைன் ஏறியது. ஹீமோகுளோபின் ஆறு. ரத்த பாட்டில் ஏறியது. வீட்டுக்காரி வந்து நின்றாள். அழவில்லை.

"டப்பாவுல நாலு மாத்திரை குறையுதேன்னு பாத்தேன். எனக்கு ரத்தம் ஊறறதுக்கு வாங்குனத நீங்க தின்னுபுட்டு, ரத்தத்த ஆஸ்பத்திரி பூரா ஊத்தி வெச்சிருக்கீங்க. சொல்றதுக்கு வாயில்லையா உங்களுக்கு?"

இரண்டாவது தடவை வாந்தி வந்தது. டாக்டர் என் பி.பி.யைப் பார்த்தார். "சேலம் போற வரைக்கும் தாங்காது. இங்கயே ஸ்கோப் விட்டுடலாம்" என்றார். பி.பி. குறைவாக இருந்ததால் மயக்க ஊசியும் இல்லை. அதே டேபிள், அதே இடப்பக்கம். கோகிலா என் தலையைப் பிடித்தாள்.

"ரெண்டே நிமிஷம் சார், ஒண்ணுமே தெரியாது."

அந்தப் பொய்யை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான். கிளிப்பைத் தவிர எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

குழாய் இறங்கியது. பாயசம் அல்ல. மண்வெட்டிப் பிடி. பாப்பிரெட்டிப்பட்டிப் பெரியவரை மனதாரக் கும்பிட்டேன். நோயாளி பார்த்துப் பயப்படக் கூடாது என்று மானிட்டரை நானே திருப்பி வைத்திருந்ததால் காது மட்டும்தான் துணை.

"புண்ணு இல்ல. வீங்குன ரத்தக்குழாயும் இல்ல. எங்கிருந்துதான் வருது?" டாக்டர் தண்ணீர் பீச்சிக் கழுவிக் கழுவிப் பார்த்தார். ஒன்றுமில்லை என்றால் அயர்ன் மாத்திரைதான் என்று ஒரு கணம் சந்தோஷப்பட்டேன் என்பதையும் வெட்கத்தோடு எழுதி வைக்கிறேன்.

"இரு இரு... மேல் பக்கம். டியூலஃபாய்!"

அபூர்வமான சங்கதி. என் சர்வீஸில் அதற்கு முன் இரண்டே தடவை பார்த்தது. இரைப்பையின் உள்தோலுக்குக் கீழே ரத்தக்குழாய்கள் போகப் போக மெலிய வேண்டும். சிலருக்கு ஒன்று மட்டும் மெலியாமல் தடியாகவே நிற்கும். அது தோலைத் துளைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தால் பீச்சும். நின்றுவிட்டால் இடமே தெரியாது. சொட்டுநீர்க் குழாயில் எலி கடித்த ஓட்டை மாதிரி. மோட்டார் ஓடும்போதுதான் கண்டுபிடிக்கலாம். என் மோட்டார் அப்போது நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது.

ஊசி மருந்து போட்டார்கள். நிற்கவில்லை. டாக்டர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், வருடக்கணக்கான பழக்கத்தில் சொன்னார்.

"மாதேஷ், கிளிப் ஓப்பன் பண்ணு."

மாதேஷ் குழாயின் இந்த முனையில் படுத்திருந்தான்.

கோகிலா பாக்கெட்டை எடுத்தது தெரிந்தது. எடுத்துவிட்டு அசையாமல் நின்றாள். அவளைப் பத்து சிசி சிரிஞ்சுக்கு அனுப்பிய ஒவ்வொரு தடவையும் எனக்கு ஞாபகம் வந்தது. வாயில் மௌத்பீஸ், ஒரு வார்த்தை பேச முடியாது. வலது கையைத் தூக்கி விரலை விரித்து, மூடி, இழுத்து, மறுபடி விரித்து என் மொத்த வித்தையையும் காற்றில் நடத்திக் காட்டினேன்.

"சாருக்கு வலிப்பு வருது போல, கையப் புடிங்க" என்றாள் அவள். வார்டு ஆயா வந்து என் கைமேல் முழு பாரத்தையும் போட்டு உட்கார்ந்துகொண்டது. அவ்வளவுதான், என் கதை முடிந்தது என்று கண்ணை மூடினேன்.

டக்.

பிடித்துவிட்டது.

டக்.

கிளிப்பை அங்கேயே விட்டுவிட்டுக் கம்பி கழன்றுவிட்டது. அந்த இரண்டு சத்தமும் எனக்கு மனப்பாடம். நான் போட்டாலும் அதைவிடச் சுத்தமாக விழாது.

"நின்னுடுச்சு" என்றார் டாக்டர்.

இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு இரண்டு விஷயம். தார் மாதிரி போனால் மாத்திரை டப்பாவைத் தேடாதீர்கள். தெரிந்த வேலையைப் பக்கத்தில் இருப்பவருக்கு அன்றைக்கே சொல்லிக்கொடுத்துவிடுங்கள். யார் டேபிள் மேல் படுப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது.

இரண்டு வாரம் கழித்து வேலைக்குத் திரும்பினேன். முதல் காரியமாக, பெரிய மனசு பண்ணி, கிளிப் பாக்கெட் ஒன்றை எடுத்துக் கோகிலாவின் முன் வைத்தேன். "நீ நல்லாத்தான் போட்டேம்மா. ஆனா இது நுணுக்கமான கைவாகு. நான் சேலத்துல மூணு நாள் தவங்கெடந்து கத்துக்கிட்டது. நீ யாருகிட்டம்மா கத்துக்கிட்டே?"

அவள் கையுறையைக் கழற்றிக்கொண்டே பாக்கெட்டைத் திருப்பிக் காட்டினாள்.

"கவருக்குப் பின்னாடி படம் போட்டிருக்குதுங்க சார்."