ஓவர் வரும் வரை

புதுக்கோட்டையில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஷேக் பரீதுக்கு, யார் பேசினாலும் முடிக்கும்வரை பொறுமை இருக்காது. "சிவப்புல ஒரு..." என்று வந்தவர் வாயெடுப்பதற்குள் கண்டாங்கிச் சேலை விரிந்துவிடும். அவர் கேட்க வந்தது துண்டாக இருக்கும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தைந்தில் ஊரில் தொண்டர் தீயணைப்புக் குழு சேர்த்தபோது அவரும் பெயர் கொடுத்தார். வயர்லெஸ் பயிற்சி கொடுக்க மலையாண்டி என்ற போலீஸ்காரர் வந்தார். பொத்தானை அழுத்திப் பேச வேண்டும். அழுத்தியிருக்கும்போது எதிராளி குரல் கேட்காது. அவர் பேசி முடித்ததற்கு அடையாளமாக 'ஓவர்' சொன்ன பிறகே இவர் வாய் திறக்கலாம். கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். பரீது ஒவ்வொரு முறையும் நடுவில் புகுந்தார்.

"பாய், அவரு பேசுனதும் ஒங்களுக்குக் கேக்கலை, நீங்க பேசுனதும் அவருக்குக் கேக்கலை. ரெண்டும் போச்சு" என்றார் மலையாண்டி.

எல்லோரோடும் சேர்ந்து சிரித்தாலும், பரீதுக்கு உள்ளுக்குள் சுருக்கென்றது.

பங்குனியில் ஒரு மத்தியானம். வல்லத்திராக்கோட்டையில் வைக்கோல் போர் பற்றிக் கூரை வீடுகளுக்குத் தாவிவிட்டது. குழுவில் இருந்த மரக்கடை உடையப்பன் ஒரு வயர்லெஸ் செட்டோடு ஜீப்பில் முன்னால் போயிருந்தார். பின்னால் வந்த தண்ணீர் வண்டியில், டிரைவர் பிச்சைக்குப் பக்கத்தில் இன்னொரு செட்டோடு பரீது. ஊரணிக்கரைப் பாதை பிரியும் இடத்தில் செட் கரகரத்தது.

"ஊரணிக்கரை வழியா வண்டி வர..."

அதோடு நின்றது.

"வரச் சொல்றாரு பாய். குறுக்கு வழிதானே" என்று பிச்சை ஸ்டியரிங்கை ஒடித்தார்.

பரீதுக்கும் அப்படித்தான் பட்டது. ஆனால் ஓவர் வரவில்லையே. 'வர' என்பதற்குப் பின்னால் 'லாம்' இருக்கலாம், 'வேணாம்' என்றும் இருக்கலாம்.

"நிறுத்துங்க பிச்சை." பொத்தானை அழுத்தினார். "உடையப்பன், பரீது பேசுறேன். கடைசி வார்த்தை விழலை. திரும்பச் சொல்லுங்க. ஓவர்."

செட்டில் வெறும் இரைச்சல். தென்னைகளுக்கு மேலே புகை கறுத்துக்கொண்டிருந்தது. மறுபடி பொத்தானுக்குப் போன கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"வர வேணாம். கரை உள்வாங்கிக் கெடக்கு. ரோட்டு வழியா வாங்க. ஓவர்" என்றது உடையப்பன் குரல்.

"ஊரணிக்கரை வேணாம். ரோட்டு வழியா வாரோம். ஓவர்."

மூன்று வீடுகள் போயின. தெருவில் மற்றவை தப்பின. தீ அடங்கியதும் உடையப்பன் முகம் கழுவிக்கொண்டே சொன்னார்: "பொறி வந்து கையில விழுந்துச்சு பாய். பேசி முடிக்கிறதுக்குள்ள பொத்தானை விட்டுட்டேன்."

"நம்ம பேச்சுல வேணாம்கிறது கடைசியிலதானே வருது. இனிமே அதை மொதல்ல சொல்லிருவோம்" என்றார் பரீது.

பிறகு இதைக் கேட்ட மலையாண்டியும் சரி என்றார். அடுத்த வாரம் அதே வண்டியில் கீற்றும் மூங்கிலும் ஏற்றிக்கொண்டு எல்லோரும் வல்லத்திராக்கோட்டைக்குப் போனார்கள். வீடிழந்தவர்களில் அழகி என்பவள் கீழே நின்று கீற்று எடுத்துக் கொடுக்க, பரீது கூரைமேல் ஏறி உட்கார்ந்து பொழுது சாயும்வரை கட்டினார்.