கத்தாத குட்டி

எங்கள் பக்கம் யாராவது மாடு வாங்கப் போனால் என்னையும் கூட்டிக்கொண்டு போவார்கள். நான் தரகன் இல்லை. ஐந்தாவது வரைக்கும் படித்தவன், மரவள்ளி போடுகிறவன். மாடு பார்க்கத் தெரியும், அவ்வளவுதான். சந்தையில் மாட்டுக்காரர் பேசப் பேச நான் மாட்டுக்குப் பின்னால் போய் நிற்பேன். முதலில் சாணியைப் பார்ப்பேன். பிறகு வாலைத் தூக்கிப் பார்ப்பேன். பல், மடி, சுழி எல்லாம் அதற்குப் பிறகுதான். கழிகிற மாட்டை நான் இதுவரை யாருக்கும் வாங்கிக் கொடுத்ததில்லை.

இத்தனையும் தெரிந்தவன்தான் அந்த நாய்க்குட்டியை வாங்கினேன்.

போன வருஷம் மழையில் என் வீட்டுக்காரி தொட்டி ஓரம் வழுக்கி விழுந்தாள். இடுப்பு எலும்பு முறிந்தது. தருமபுரி பெரிய ஆஸ்பத்திரியில் பிளேட் வைத்தார்கள். இனி குனியக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது என்றார்கள். வாக்கர் பிடித்துத்தான் நடக்கிறாள். கறவை மாடு இரண்டு இருந்தது. பார்க்க ஆள் இல்லை, விற்றுவிட்டேன். பிள்ளைகள் ஓசூரில் வேலை. நான் காலையில் மரவள்ளிக் கொல்லைக்கு வேலைக்குப் போனால் மதியம் வருவேன். அவள் அதுவரைக்கும் கட்டிலில் உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஒருநாள் சாப்பாடு போட்டுக்கொண்டே கேட்டாள்.

“ஏங்க, ஒரு சின்ன நாயி வாங்கலாமுங்களா?”

“கொல்லையில ரெண்டு இருக்குதே.”

“அது இல்லீங்க. மடியில வெச்சுக்கற மாதிரி. வெள்ளையா, புசுபுசுன்னு இருக்குமே.”

“அதெல்லாம் காசு குடுத்து வாங்கணும். நாயிக்குப் போயி எவனாவது காசு குடுப்பானா?”

“மாட்டைத்தான் வித்துட்டீங்களே,” என்றாள்.

அவள் எதையும் கேட்கிறவள் இல்லை. சேலைகூட நான் எடுத்து வந்ததைத்தான் கட்டுவாள். அந்த வாரமே விசாரித்தேன். தருமபுரியில் ஒரு வீட்டில் பொமரேனியன் குட்டி விற்கிறார்கள் என்றார்கள். பஸ் ஏறிப் போனேன்.

வீட்டுக்குப் பின்னால் கம்பிக் கூண்டு. உள்ளே நான்கு குட்டிகள். மூன்று கூண்டில் ஏறி விழுந்து கத்திக்கொண்டிருந்தன. ஒன்று மூலையில் உட்கார்ந்திருந்தது. விற்கிறவன் சின்ன வயசுக்காரன், பேச்சு நன்றாகப் பேசினான்.

“ரெண்டு மாசம் முடிஞ்சிருச்சுங்கய்யா. எல்லாம் நல்ல பிரீடு.”

“தாய் எங்க?”

“தாய் பெங்களூருல இருக்குதுங்க.”

வேறு யாராவது மாட்டுக்கன்றை அப்படிச் சொல்லி விற்றிருந்தால் நான் திரும்பி நடந்திருப்பேன். இது நாய்தானே என்று விட்டேன்.

வாயைத் திறந்து பார்த்தேன். பல் ஊசி முனை மாதிரி அப்போதுதான் ஈறைக் கிழித்திருந்தது. மாட்டுக்குப் பல்லைப் பார்த்து வயசு சொல்கிறவன் நான். இது சின்ன சாதி, பல்லும் சின்னதாகத்தான் இருக்கும் என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன்.

எங்கள் பக்கம் கொல்லைக் காவலுக்குக் குட்டி எடுக்கும்போது ஒரு வழக்கம் உண்டு. பிடரியைப் பிடித்துத் தூக்குவோம். கத்துகிற குட்டியைக் கீழே விட்டுவிடுவோம். கத்தாத குட்டி தைரியமானது, அதைத்தான் எடுப்போம். என் அப்பாவும் அப்படித்தான் எடுத்தார், நானும் அப்படித்தான் எடுத்திருக்கிறேன். மடியில் வைத்துக்கொள்ளப் போகிற நாய்க்குத் தைரியம் எதற்கு என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. ஒவ்வொன்றாகத் தூக்கினேன். மூன்றும் வீறிட்டன. நான்காவது கத்தவில்லை. ஈரத்துணி மாதிரித் தொங்கியது.

“இதுதான்,” என்றேன்.

“சரியா எடுத்துட்டீங்கய்யா. அனுபவம் உள்ளவங்க பாக்கறதே தனிதான்,” என்றான்.

அது எனக்குப் பிடித்திருந்தது.

குட்டியை உள்ளங்கையில் வைத்தேன். வாலுக்குக் கீழே முடி ஒட்டிப்போய் மஞ்சளாக இருந்தது. விரலில் ஈரம் பட்டது. என்னவென்று எனக்குத் தெரியும். ‘இதுக்குக் கழியுது, வேண்டாம்’ என்று சொல்ல ஒரு நொடி போதும். ஆனால் இதுதான் என்று அப்போதுதான் சொல்லியிருந்தேன். அவன் அனுபவம் என்று வேறு சொல்லிவிட்டான். விரலைத் துண்டில் துடைத்துக்கொண்டேன்.

ஊசி போட்ட புத்தகம் என்று ஒன்று கொடுத்தான். இங்கிலீசில் கிறுக்கியிருந்தது. படித்த மாதிரி புரட்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினேன்.

அட்டைப் பெட்டியில் வைத்து மொரப்பூர் பஸ்ஸில் வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா பெட்டிக்குள் எட்டிப் பார்த்தது.

“என்னாங்க அது, பூனையா?”

“நாயி.”

“இவ்ளோ பெரிய மீசை வெச்சுக்கிட்டு இத்தினியூண்டு நாயா?”

பஸ்ஸில் நாலு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். குட்டி அசையாமல் படுத்திருந்தது. பாப்பிரெட்டிப்பட்டி வரைக்கும் கேட்கிற மாதிரி ஹாரன் அடித்தான் டிரைவர். அதற்கும் அது காதைத் தூக்கவில்லை. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து எதையும் சொல்லவில்லை.

அவள் அதை மடியில் வாங்கிக்கொண்டாள். முகத்தோடு வைத்துப் பார்த்தாள். இடுப்பு முறிந்த பிறகு அவள் பல் தெரியச் சிரித்தது அன்றைக்குத்தான். அதற்கு ஒரு பேர் வைத்தாள். அந்தப் பேரை நான் இங்கே எழுத மாட்டேன்.

பால்காரர் வீட்டில் பால் வாங்கி, ஆற வைத்து, ஸ்பூனில் கொடுத்தாள். இரண்டு நாள் கொஞ்சம் குடித்தது. மூன்றாம் நாள் வாந்தி எடுத்தது. பிறகு கழிந்தது. ரத்தம் கலந்திருந்தது. வீடெல்லாம் நாற்றம். அவள் வாக்கரை ஒரு பக்கம் சாய்த்துவிட்டு, குனியக் கூடாத இடுப்பை வைத்துக்கொண்டு, தரையில் உட்கார்ந்து துடைத்தாள்.

“பால் ஒத்துக்கலீங்களோ?” என்று கேட்டாள்.

“தெரியல,” என்றேன்.

அதே பெட்டியில் வைத்துக் கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனேன். அவளால் வர முடியாது. டாக்டரம்மா உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார்கள். வெளுத்துப் போயிருந்தது. முதுகுத் தோலைக் கிள்ளி விட்டார்கள். கிள்ளிய தோல் அப்படியே நின்றது.

“தாயைப் பாத்துத்தான் வாங்கினீங்களா?”

“இல்லீங்க.”

“அங்க இருக்கும்போது ஏதாச்சும் சாப்பிட்டுச்சா?”

“பாக்கலீங்க.”

புத்தகத்தைப் புரட்டினார்கள். ஊசி போட்டிருந்தால் மருந்துப் பாட்டிலில் இருக்கிற சீட்டை உரித்து இதில் ஒட்டியிருப்பார்கள், இதில் ஒன்றும் இல்லை என்றார்கள். குட்டிக்கு ஒரு மாசம்தான் ஆகியிருக்கும், தாயிடம் பால் குடிக்கிறபோதே பிரித்துவிட்டார்கள் என்றார்கள்.

“கத்தாம இருந்துச்சுங்க. தைரியமான குட்டின்னு எடுத்தேன்.”

டாக்டரம்மா ஊசி ஏற்றிக்கொண்டே சொன்னார்கள். “தைரியம் இல்லீங்கய்யா. கத்தறதுக்கு அதுக்குத் தெம்பு இல்ல.”

பிறகு கேட்டேன்.

“வூட்ல பால் குடுத்தாங்க. அதனாலயா?”

“பசும்பால் குடுக்காம இருந்தா நல்லது. ஆனா இது பாலுனால வந்தது இல்லீங்க. வாங்கும்போதே நோயி உள்ள இருந்திருக்கு.”

மறுநாளும் தூக்கிப் போனேன். குளுக்கோஸ் ஏற்றினார்கள். அது இறங்குகிற வரைக்கும், குட்டி வாங்கும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னார்கள். அதற்கடுத்த நாள் காலையில் கொல்லையில் கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்தேன். போன் வந்தது. “வாங்க,” என்றாள். அவ்வளவுதான். போனேன். மடியில் இருந்தது. அவள் அதன் வாயைத் துடைத்து வைத்திருந்தாள். மாட்டுக் கொட்டகை இருந்த இடத்தில் குழி எடுத்தேன்.

“நாந்தாங்க பாலைக் குடுத்துக் கொன்னுட்டேன்,” என்றாள்.

அப்போது சொல்லியிருக்க வேண்டும். மண்ணைத் தள்ளிக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு வருகிறவர்களிடம் எல்லாம் அவள் அதையே சொன்னாள். பால்காரர் வீட்டம்மாவிடம் சொன்னாள். ஓசூருக்குப் போன் போட்டுச் சொன்னாள். கியாஸ் கொண்டு வந்தவரிடம்கூடச் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் நான் அங்கேதான் இருந்தேன். ஒரு தடவை, “பால்ல ஒண்ணும் இல்ல,” என்று ஆரம்பித்தேன். “எனக்கு ஆறுதல் சொல்ல வேணாமுங்க,” என்றாள். சரி என்று விட்டுவிட்டேன். விட்டுவிட எனக்கு அது வசதியாக இருந்தது.

பால் வாங்குவதை நிறுத்திவிட்டாள். இரண்டு பேருக்கும் பால் ஊற்றாத டீதான். நான் ஒன்றும் கேட்காமல் குடித்தேன்.

நாலு மாசம் போனது. அடுத்த தெருவில் அங்கன்வாடியில் வேலை செய்கிற பெண் ஒருநாள் சாயங்காலம் வந்தது. நான் வாசலில் இருந்தேன், என் வீட்டுக்காரி உள்ளே கட்டிலில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணா, எம் பொண்ணு நாயி வேணும்னு ஒரே அழுகை. பக்குன்னு சொல்றாங்களே, மூஞ்சி அமுங்கி இருக்குமே, அது. ஞாயித்துக்கிழமை போறேன். நீங்க வந்து பாத்து எடுத்துக் குடுங்க.”

“நான் எதுக்கு?”

“உங்களை விட்டா யாருக்குங்கண்ணா பாக்கத் தெரியும்?”

உள்ளே இருந்து என் வீட்டுக்காரி சொன்னாள். “அவரு நல்லாத்தான் பாப்பாரு, கூட்டிட்டுப் போ. எங்களுதும் நல்ல குட்டிதான். நாந்தான் கெடுத்துட்டேன்.”

எனக்கு அதற்கு மேல் முடியவில்லை. நிலைப்படியைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

“தாய் இல்லாத எடத்துல வாங்காத. தாயும் குட்டியும் ஒண்ணா இருக்கோணும். ரெண்டு மாசம் ஆகாம எடுக்காத. வாயைத் தொறந்து பாரு, பல்லு எல்லாம் வந்திருக்கோணும். ஈறு வெளுத்திருந்தா வேண்டாம்.”

“இருங்கண்ணா, இருங்க. இதெல்லாம் நீங்கதான வந்து பாக்கப் போறீங்க?”

“நீயும் தெரிஞ்சுக்க. ஊசிப் புஸ்தகத்துல சீட்டு ஒட்டியிருக்குதான்னு பாரு. உங்கண்ணு முன்னாடி அதுக்குச் சோறு வெக்கச் சொல்லு. திங்குதான்னு பாரு. வயிறு மட்டும் பானையாட்டம் இருந்தா பூச்சி இருக்கும். மூஞ்சி அமுங்குனதுக்கு நம்ம வெயில்ல மூச்சு வாங்கும்னு டாக்டரம்மா சொன்னாங்க. அதையும் கேட்டுக்க. ஒதுங்கிச் சும்மா உக்காந்திருந்தா அமைதின்னு நெனச்சுக்காத. வாலைத் தூக்கிப் பாரு. ஈரமா, மஞ்சளா இருந்தா கையில எடுத்ததைக் கீழ வெச்சுட்டு வந்துரு.”

இவ்வளவு நான் எப்போதும் பேசியதில்லை. அந்தப் பெண் என்னையே பார்த்தது.

“அக்காவோட குட்டி அப்பிடியா இருந்துச்சு?”

“ஆமா.”

“நீங்க பாத்தீங்களா?”

“பாத்தேன். துண்டுல தொடச்சுக்கிட்டேன்.”

மொச்சை உரிக்கிற சத்தம் நின்றது. பிறகு உள்ளே இருந்து கேட்டாள்.

“டாக்டரம்மா என்ன சொன்னாங்க?”

“பாலுனால இல்லன்னாங்க.”

“எப்ப சொன்னாங்க?”

“மொத நாளே.”

“நாலு மாசமா வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் நான் சொல்லிட்டிருந்தேன். நீங்க பக்கத்துலயே உக்காந்து கேட்டுக்கிட்டு இருந்தீங்க.”

“ஆமா.”

அந்தப் பெண் எழுந்தது. “நான் அப்பறம் வரேங்கக்கா.”

“இரு,” என்றாள். “ஞாயித்துக்கிழமை இவரையே கூட்டிட்டுப் போ. வாலைத் தூக்கிப் பாக்கச் சொல்லு. பாத்ததை வாயைத் தொறந்து சொல்லச் சொல்லு.”

ஞாயிற்றுக்கிழமை போனோம். அரூர் போகிற வழியில் ஒரு வீடு. தாய் அங்கேயே இருந்தது. பிடரியைப் பிடித்துத் தூக்கவில்லை. தரையில் உட்கார்ந்து அரை மணி நேரம் பார்த்தேன். ஒரு குட்டிக்குப் பின்பக்கம் ஈரமாக இருந்தது.

“இதுக்குக் கழியுது. டாக்டர்கிட்டக் காட்டுங்க,” என்று வீட்டுக்காரரிடம் சத்தமாகவே சொன்னேன். அவர் முகம் மாறியது. மாறட்டும் என்று இருந்தேன். வைத்த சோற்றைத் தின்றுவிட்டு என் விரலையும் கடித்து, தூக்கியதும் ஊரைக் கூட்டிய ஒன்றை அந்தப் பெண் எடுத்துக்கொண்டது.

வீட்டுக்கு வந்தேன்.

“எதை எடுத்தீங்க?” என்றாள். மூன்று நாளில் அவள் என்னிடம் பேசியது அதுதான்.

“கத்துனதை.”

வாக்கரைத் தள்ளிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். பால்காரர் வீட்டிலிருந்து தூக்குப் போசியில் பால் வந்திருந்தது. டீ போட்டு எடுத்து வந்தாள். அவள் டம்ளரில் பால் ஊற்றியிருந்தாள். என் டம்ளரில் ஊற்றவில்லை.

ஒரு மாசம் ஆகிறது. இன்னும் அப்படித்தான் கொடுக்கிறாள். நான் கேட்கவில்லை.