மாலையில் சொன்ன காலை ஜெபம்

போன மாதம் எங்கள் சபையில் அம்மாவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அம்மாவுக்கு எண்பத்து மூன்று வயது. அவனியாபுரத்துக்கு வாழ வந்து அறுபத்து மூன்று வருடம். அதில் பிள்ளை பெற்றுப் படுத்திருந்த ஞாயிறுகளையும், அப்பாவைக் கடைசியாக ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்த ஞாயிறுகளையும் தவிர, அவள் ஆலயத்துக்குப் போகாத ஞாயிறு கிடையாது. புதிதாக வந்திருக்கும் இளம் போதகர் ஒரு தாளைப் பார்த்து வாசித்தார்: உத்தம மனைவி, நான்கு பிள்ளைகளின் தாய், பெண்கள் சங்கத்தின் தூண். தூண் என்ற இடத்தில் மட்டும் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். அவள் உயரம் ஐந்தடியைத் தொடாது.

வாசித்ததெல்லாம் உண்மைதான். எனக்கும் பெருமை பிடிபடவில்லை, போனில் படமாக எடுத்துத் தள்ளினேன். ஆனால் அந்தத் தாளை என்னிடம் கொடுத்து எழுதச் சொல்லியிருந்தால் வேறு ஒன்றை எழுதியிருப்பேன். அதற்கு, ஒன்பது வயதில் அதே ஆலயத்தில் நான் சொன்ன ஒரு பொய்யிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.

அப்பா வில்லாபுரம் போகும் வழியில் லேத் பட்டறை வைத்திருந்தார். கல்யாணத்துக்கு ஒரு தடவை, எங்கள் ஞானஸ்நானத்துக்கு நாலு தடவை, ஆக மொத்தம் ஐந்து தடவை ஆலயத்துக்குள் கால் வைத்தவர். சாமி மேல் விரோதம் ஒன்றும் இல்லை. "அம்புட்டு நேரம் சும்மா உக்காந்திருக்க நமக்கு வராதுத்தா" என்பார். கல்யாணமான புதிதில் அம்மா வாராவாரம் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறாள். ஒரு ஞாயிறு அது பெரிய சண்டையாகி, சாப்பாட்டுத் தட்டு முற்றம் வரை பறந்திருக்கிறது. "இனிமே நான் கூப்பிட மாட்டேன்" என்று அம்மா சொல்லிவிட்டாளாம். அம்மா சொன்னால் சொன்னதுதான். அதற்குப் பிறகு ஒரு ஞாயிறுகூட அவள் கூப்பிடவில்லை. எங்கள் நாலு பேருக்கும் தலை சீவி, கறிக்குழம்பை இறக்கி வைத்து, அப்பாவின் சாப்பாட்டை மூடிவைத்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

அவளுக்குப் பொய்யும் வராது. வேண்டாத ஆள் யாராவது வாசலில் நின்றால், நான் இல்லை என்று சொல் என்பார் அப்பா. அம்மா வெளியே போய், "இருக்காரு, ஆனா வர மாட்டேங்குறாரு" என்று சொல்லிவிட்டு வருவாள்.

இந்த அம்மாவுக்குத்தான் நான் மகளாகப் பிறந்தேன். எனக்கு வாய் நீளம்.

ஞாயிறு பள்ளியில் ஒரு நாள் டீச்சர், யார் யார் வீட்டில் குடும்ப ஜெபம் நடக்கிறது என்று கேட்டார். எல்லோரும் கை தூக்கினோம். யார் நடத்துவார்கள் என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்தார். அப்பா, அப்பா, அப்பா என்று பதில் வந்தது. சபைச் செயலாளரின் மகள் எனக்கு முன்னால் இருந்தாள். தன் அப்பா கால் மணி நேரம் ஜெபிப்பார் என்று அவள் சொன்னாள். அடுத்தது என் முறை. "எங்க அப்பா அரை மணி நேரம் முழங்கால் போட்டு ஜெபிப்பாரு டீச்சர். புஸ்தகம் பார்க்காம" என்றேன். செயலாளர் மகளின் முகம் போன போக்கைப் பார்க்க அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

டீச்சர் அதைப் போதகரிடம் சொன்னார். ஆலயத்துப் பக்கமே வராத மனுஷன் வீட்டுக்குள் இத்தனை ரகசியமாக ஜெபிக்கிறார் என்றால் எந்தப் போதகருக்குத்தான் சும்மா இருக்க முடியும்? அடுத்த ஞாயிறு அறிவிப்பு வாசிக்கும்போது, வருகிற சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு வீட்டு ஜெபக்கூட்டம் எங்கள் வீட்டில் என்றும், வீட்டுத் தலைவரே ஆரம்ப ஜெபம் செய்வார் என்றும் வாசித்துவிட்டார். பெண்கள் பக்கம் முழுவதும் அம்மாவைத் திரும்பிப் பார்த்தது. அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

அன்றைக்கு அடி விழும் என்று நினைத்தேன். விழவில்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மா சேலைகூட மாற்றாமல் என் முன்னால் உட்கார்ந்தாள்.

"உங்கப்பாவ எதுக்கும் நான் கூப்பிட மாட்டேன். அது உனக்குத் தெரியும். போதகர் ஐயா வாரன்னைக்கு நான் உண்மையச் சொல்லிக்கிறேன். ஆனா உங்கப்பா ஊரு வாயில விழறதுக்கு முன்னாடி அவருக்குத் தெரியணும். நீயே போயிச் சொல்லு."

பட்டறைக்கு நடந்து போன அந்த வழியை இன்றும் மறக்கவில்லை. சனிக்கிழமை அம்மா உண்மையைச் சொன்னால் நான் பொய்க்காரி, அப்பா ஊர் அறிய ஜெபம் தெரியாதவர். சொல்லாமல் விட்டால் அம்மா பொய்க்காரி. பெண்கள் சங்கத்தில் ஒருத்தி இப்படி அகப்பட்டால் என்ன பாடு படுத்துவார்கள் என்பது அந்த வயதிலேயே எனக்குத் தெரியும். என் ஒரு வாயால் அம்மாவின் பெயர் கெடப் போகிறது என்று நினைத்து அழுதுகொண்டே போனேன்.

அப்பா ஓடிக்கொண்டிருந்த மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார். முழுவதையும் கேட்டார். சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை.

"அம்மா என்ன சொன்னா?"

"உங்கள வரச் சொல்லலப்பா. அன்னைக்கு அவங்களே உண்மையச் சொல்லிருவாங்களாம்."

"சரி, போ" என்று மெஷினைத் திரும்பவும் ஓட்டினார்.

அந்த வாரம் முழுவதும் அதைப் பற்றி வீட்டில் ஒரு பேச்சும் இல்லை. சனிக்கிழமை அம்மா தரையைக் கழுவி, பக்கத்து வீட்டில் பாய் வாங்கி விரித்து, ஒரு சட்டி நிறைய சுண்டல் அவித்து வைத்தாள். அப்பா பட்டறையை அடைக்க எட்டு மணியாகும். ஆறு மணிக்குப் போதகர், செயலாளர், அவர் மனைவி, மகள், டீச்சர் என்று இருபது பேர் வந்து நெருக்கி உட்கார்ந்தார்கள். போதகர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "ஐயா எங்கம்மா?" என்றார்.

அம்மா எழுந்து நின்றாள். "ஐயா, ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு விஷயம் சொல்லணும். எங்க வீட்டுல..."

அதற்குள் பின்வாசல் கதவு திறந்தது. அப்பா குளித்துவிட்டு, ஈரத் தலையோடு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார். நகக்கண்ணில் மட்டும் கிரீஸ் போகவில்லை. யாரையும் பார்க்காமல் பாயின் ஓரத்தில் முழங்கால் போட்டார். எல்லோரும் அவசரமாக முழங்கால் போட்டார்கள். பேச வந்த அம்மா நின்ற இடத்திலேயே முழங்கால் போட்டாள்.

"கிருபையுள்ள எங்கள் பரம தகப்பனே," என்று அப்பா கண்ணை இறுக மூடிக்கொண்டு ஆரம்பித்தார், "கடந்த ராத்திரி முழுவதும் எங்களைப் பாதுகாத்து, இந்தக் காலையைக் காணச் செய்தீரே, ஸ்தோத்திரம்."

மணி மாலை ஆறேகால். யாரோ இருமினார்கள். அப்பா நிறுத்தவில்லை. மூத்தவளின் இருமலைக் குணமாக்கும், மூணாவதுக்குக் கணக்கு வரப்பண்ணும், கடைக்குட்டிக்குப் பசி எடுக்கப்பண்ணும் என்று வரிசையாக வந்தார். "ரெண்டாவதுக்கு வாயக் கட்டும் ஆண்டவரே, இல்லாததச் சொல்லுது" என்றார். ரெண்டாவது நான்தான். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. விடியற்காலை ஐந்து மணிக்கு அம்மா அடுப்படியில் முழங்கால் போட்டுச் சொல்வது இதுதான். அரைத் தூக்கத்தில் எத்தனையோ நாள் கேட்டிருக்கிறேன். அந்த நேரத்தில் அப்பா கட்டிலில் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம்.

அப்பாவுக்குத் தெரிந்த ஒரே ஜெபம் அது. அதில் எந்த இடத்தில் எதை மாற்ற வேண்டும் என்று தெரியவில்லை. அதனால் ஒன்றையும் மாற்றவில்லை.

"என் வீட்டுக்காரரை உம்முடைய கையில ஒப்புக்கொடுக்கிறேன்" என்றார். "அவரு கோவக்காரரு, கெட்டவரு இல்ல. மெஷின்ல அவரு விரலுக்கு ஒரு சேதமும் வராம காத்துக்கொள்ளும். அவரை உம்முடைய சமுகத்துக்கு நீரே கூட்டிட்டு வாரும். நான் கூப்பிட மாட்டேன்னு சொல்லிட்டேன். எனக்கு முன்னாடி அவரை எடுத்துக்கொள்ளாதேயும் ஆண்டவரே. எம்புட்டு நாள் தந்தாலும் அவரோட தாரும்."

செயலாளரின் மனைவி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். டீச்சரின் தோள் குலுங்கியது. முதலில் சிரிப்புத்தான் வந்திருக்கும். ஆனால் அப்பா கடைசி வரியைச் சொல்லி முடித்தபோது சத்தமே இல்லை. போதகர் மட்டும் பெரிதாக ஆமென் சொன்னார். அம்மா முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு எழுந்திருக்காமலே இருந்தாள். அப்பா எல்லாவற்றையும் தப்பாகச் சொல்லிவிட்டதால் அம்மாவுக்கு அவமானமாகிவிட்டது என்று நினைத்தேன். எனக்கோ சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பொழுது தப்பினால் என்ன, வீட்டுக்காரர் என்று தன்னையே சொன்னால் என்ன, எங்கள் சபையில் வேறு எந்த அப்பாவும் புஸ்தகம் இல்லாமல் அவ்வளவு நீளமாக ஜெபித்ததில்லை. செயலாளரின் மகளைத் தேடிப் பார்த்து ஒரு பார்வை பார்த்தேன்.

அதோடு அப்பா ஆலயத்துக்கு வர ஆரம்பித்துவிட்டார் என்று முடித்தால் நன்றாகத்தான் இருக்கும். மறுநாள் ஞாயிறு. அப்பா வழக்கம்போலப் பட்டறையைத் திறந்தார். அம்மாவும் கூப்பிடவில்லை. குடையை எடுத்துக்கொண்டு நாங்கள் ஐந்து பேர்தான் போனோம்.

மாறியது அம்மாதான். அந்த ஞாயிறு காலையிலிருந்து அவள் உதடு மட்டும் அசைய ஜெபித்தாள். திங்களும் அப்படியே, செவ்வாயும் அப்படியே. புதன்கிழமை நான் முழித்துக்கொண்டுதான் படுத்திருந்தேன். அடுப்படியில் விளக்கு எரிந்தது. வெகுநேரம் ஒரு சத்தமும் இல்லை. அப்பா கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தபடியே, "கொஞ்சம் சத்தமாச் சொல்லு. இங்கிட்டு ஒண்ணும் கேக்கல" என்றார்.

அம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். பிறகு கிருபையுள்ள எங்கள் பரம தகப்பனே என்று முதலிலிருந்து சொன்னாள்.

எனக்கு ஒரே கவலையாகிவிட்டது. பட்டறை இரைச்சலில் அப்பாவின் காது மந்தமாகிவிட்டது என்று முடிவு செய்தேன். அடுத்த ஞாயிறு பள்ளியில், யாருக்காவது ஜெப விண்ணப்பம் உண்டா என்று டீச்சர் கேட்டபோது, முதல் ஆளாக எழுந்து நின்று விஷயத்தைச் சொன்னேன். முப்பது பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு, எங்கள் அப்பாவின் காது திறக்கப்பட வேண்டும் என்று ஒரே குரலில் ஜெபித்தோம்.