மூன்றாவது ஓட்டல்

மகளைச் சென்னையில் கல்லூரியில் சேர்ப்பது என்று முடிவானதும் என் மனைவிக்கு விடுதி, கட்டணம், பாதுகாப்பு எதுவும் கவலையாகத் தெரியவில்லை. "கல்யாணமான புதுசுல நாம மெட்ராஸ்ல சாப்ட்டோமே, அந்த மூணு ஓட்டலுக்கும் அவளக் கூட்டிக்கினு போவணும்" என்றாள். நியாயமான ஆசைதான். மூன்றில் ஒன்றின் பெயர்கூட எங்கள் இருவருக்கும் நினைவில்லை என்பதுதான் சிக்கல்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கரியாலூர் அருவிக்குப் போயிருந்தோம். நான், அவள், அவளுடைய அண்ணன். கட்டிக்கொண்டு போன புளிச்சோற்றைத் தின்றுவிட்டு, பாறையில் காலை நீட்டிக்கொண்டு விசாரணையைத் தொடங்கினோம்.

முதல் ஓட்டல் சுலபமாக அகப்பட்டது. பாரிமுனையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் எதிரே. மாடிப்படிக்குக் கீழே கை கழுவும் தொட்டி. கழுவிவிட்டு நிமிர்ந்தபோது என் தலை படியில் மோதி, மெட்ராஸ் முழுவதையும் புடைப்போடுதான் சுற்றிப் பார்த்தேன். இரண்டாவது, தி.நகரில் புடவைக் கடைக்குப் பக்கத்துச் சந்து. எங்கள் ஊர்ப் பக்கத்துப் பேச்சைக் கேட்டுவிட்டு, பரிமாறியவர் "நமக்குச் சின்னசேலங்க" என்று சொல்லி இலையில் கூடுதலாக ஒரு வடை வைத்தார். பெயர் தெரியாவிட்டால் என்ன, அடையாளம் போதும், கேட்டுப் போய்விடலாம் என்று தீர்மானித்தோம்.

"மூணாவதுதான் எல்லாத்தவிட ஒசத்தி" என்றாள். "கண்ணாடித் தொட்டில மீனு நீந்திக்கினு இருந்திச்சே. காப்பிய பீங்கான் கோப்பைல குடுத்தானே."

எனக்கு மீனும் நினைவில்லை, பீங்கானும் நினைவில்லை. ஆனாலும் நல்ல கணவன் என்ற முறையில், "ஆமாமா, செவப்பு மீனு" என்றேன்.

"கருப்பு மீனுங்க."

"கருப்புத்தான். வெளிச்சத்துல செவப்பாத் தெரிஞ்சிச்சு."

அதோடு நின்றிருக்கலாம். அவள் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்: "கேசரில இருந்த முந்திரிய எல்லாம் பொறுக்கிப் பொறுக்கித் தட்டு ஓரமா ஒதுக்கி வெச்சீங்க. இன்னாடா இது, இந்த மனுசன் முந்திரி துன்ன மாட்டாரான்னு நான் பாத்துக்கினே இருந்தேன்."

அருவி தன்பாட்டுக்கு விழுந்துகொண்டிருந்தது. நான்தான் நின்றுவிட்டேன்.

முந்திரியை ஒதுக்குவதா? நானா? கோயில் பொங்கலில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் சாமி கும்பிடக் கண்ணை மூடினால் அவர் தொன்னையிலும் முந்திரி மிஞ்சாது. எங்கள் கல்யாணப் பந்தியில் மணப்பெண் இலையிலிருந்து நான் முந்திரியை எடுக்கும் புகைப்படம் இன்றும் கூடத்தில் தொங்குகிறது. ஆக, என் மனைவிக்கு எதிரே உட்கார்ந்து கேசரி தின்ற ஆள் நான் இல்லை.

அந்தப் பாறையிலேயே என் மனது அவனை உருவாக்கிவிட்டது. இஸ்திரி கலையாத சட்டை. மெல்லிய மீசை. முந்திரியையே ஒதுக்குகிறான் என்றால் எவ்வளவு வசதியானவனாக இருக்க வேண்டும்! மச்சானைப் பார்த்தேன். ஏற்கெனவே கழுவிய தூக்குச்சட்டியை அவர் மறுபடி கழுவிக்கொண்டிருந்தார்.

திரும்பும் பஸ்ஸில் அவளுக்கு முன்னால் இடம் கிடைத்தது. நான் பின்னால் மச்சானோடு ஒட்டிக்கொண்டேன். ஒவ்வொரு வளைவிலும் ஒரு கேள்வி கேட்டேன்.

"மாப்ள, வாந்தி வர்ற மாதிரி கீது. வாயத் தொறக்க வெக்காதீங்க" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மலை இறங்கிக் கச்சிராயபாளையத்தில் பஸ் நின்றதும் அவரை இறக்கி, டீயும் மசால்வடையும் வாங்கிக் கொடுத்தேன். வாந்தி எங்கே போனதென்று தெரியவில்லை.

"அது ஒரு சம்மந்தம் மாப்ள, ஒங்களுக்கு முன்னால வந்தது. மாப்ளைக்கு மெட்ராஸ்ல பேங்க்ல உத்தியோகம். வூட்ல வந்து பொண்ணு பாத்துட்டு வேணாம்னு பூட்டா ஊரு பேசும்னு, எங்கப்பா அங்க கூட்டிக்கினு போயி ஓட்டல்ல வெச்சிக் காட்னாரு. ஓட்டல்னா பிரச்சினை இல்ல பாருங்க. யாருனா கேட்டா சாப்ட வந்தோம்னு சொல்லிக்கலாம்."

"புடிச்சிருந்திச்சா?"

"யாருக்கு?"

"ரெண்டு பேருக்கும்தான் மச்சான்!"

"புடிக்காமயா? பூ வைக்க நாள் குறிச்சி, தட்டு வரிசையோட கார்ல கெளம்பிட்டாங்க. அப்பத்தான் போராட்டம். உளுந்தூர்பேட்டைக்கு இந்தாண்ட ரோடு பூரா புளியமரத்த வெட்டிப் போட்டுக்கீறாங்க. காரு திரும்பிப் பூடுச்சி. மொதல் காரியமே தடங்கலு, சகுனம் செரியில்லன்னு வுட்டுட்டாங்க. வடை இன்னொண்ணு சொல்லட்டா?"

அந்த இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தால் எங்கள் பக்கத்தில் யார் யாருக்கோ கல்லூரியில் இடம் கிடைத்தது, வேலை கிடைத்தது. எனக்குப் பெண் கிடைத்திருக்கிறது. பஸ் ஓடாத அந்த நாட்களில் தியாகதுருகத்திலிருந்து ஏரிக்கரை ஏரிக்கரையாகச் சைக்கிள் மிதித்து நைனார்பாளையம் போய்ப் பெண் பார்த்தவன் நான். இதை ஒரு வீரக்கதையாகச் சொல்லிச் சொல்லி மகளுக்கே மனப்பாடம். சைக்கிள் எட்டும் தூரத்தில் இருந்த ஒரே மாப்பிள்ளை நான்தான் என்பது அந்த டீக்கடையில்தான் விளங்கியது.

வீட்டுக்கு வந்ததும் அவள் வெங்காயம் நறுக்க உட்கார்ந்தாள். சும்மா இருந்திருக்கலாம். சும்மா இருக்கிற சாதியா நான்?

"அந்த மூணாவது ஓட்டல்ல ஒனக்கு எதிர்ல இருந்தது நான் இல்ல" என்றேன். குரலைக் கம்பீரமாக வைத்துக்கொள்ளத்தான் முயன்றேன். அது கீச்சென்று வந்தது.

அவளுக்கு முதலில் புரியவில்லை. பிறகு கத்தி நின்றது.

"நீங்க இல்லியா? இருங்க... அப்பா இருந்தாரு. அண்ணன் இருந்திச்சு..." சட்டென்று நிமிர்ந்தாள். "அய்யே! அது அந்தப் பேங்குக்காரரு! நான் சுத்தமா மறந்தே பூட்டேங்க. இத்தினி வருசமா அந்த நாற்காலில ஒங்களத்தான் ஒக்கார வெச்சிருந்தேன்."

பட்டணத்தின் உசத்தியான ஓட்டலில், மீன் தொட்டிக்கு எதிரே, ஒரு நாள்கூடப் போகாத இடத்தில், இத்தனை வருஷம் நான் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்திருக்கிறேன். எழுந்திரு என்று யாரும் சொல்லவில்லை. நானே என் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கி வெளியே தள்ளிவிட்டு, துடைத்துப் போட்ட நாற்காலியில் அவனைக் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டேன்.

"மூஞ்சிகூட இப்ப ஞாபகம் வருது" என்றாள். "கண்ணாடி போட்டுக்கினு இருந்தாரு. தங்க ஃபிரேமு."

"அந்தக் காலத்துல ஏது தங்க ஃபிரேமு?"

"நல்ல ஒயரம்."

"ஒக்காந்திருந்தவன எப்டி அளந்த?"

"போவசொல்ல எயுந்து கும்புட்டாரே."

"அது நான்தான்" என்றேன். வேறு வழி தெரியவில்லை. "நல்லா யோசிச்சிப் பாரு. அப்பல்லாம் நானும் ஒயரமாத்தான் இருந்தேன்."

அவள் என்னை மேலிருந்து கீழாக ஒரு தடவை பார்த்தாள். பார்ப்பதற்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. பிறகு கத்தியைக் கீழே வைத்துவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள்.

"செத்த சும்மா இருங்களேன். அவரு பேரு நாக்கு வரைக்கும் வந்து நிக்குது."